ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு அல்ல!

பி.காம். படித்தவனிடம் யாராவது கெமிஸ்ட்ரி சந்தேகம் கேட்பார்களா? என்னிடம் கேட்கிறார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன்? புத்தகங்களைப் புரட்டி, கெமிஸ்ட்ரி வாத்தியார்களை டீக்கடையில் மடக்கி, எப்படியோ சமாளித்து வருகிறேன். சமீபத்திய மூன்று கேள்விகள் இதோ:

'வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிடுச்சு. சோப்புப் போட்டா கறை ரத்தம் மாதிரி சிவக்குது. போலி சோப்பா சார்?'

சோப்பு அசல்தான். மஞ்சள் தூளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்கிற சரக்கு. புளிப்போடு பழகும்வரை அது மஞ்சளாகவே இருக்கும். காரத்தைக் கண்டால் சிவந்துவிடும். (மிளகாய்க் காரம் இல்லை ஸ்வாமி, சோப்பு, சுண்ணாம்பு வகையறா!) ஆரத்திக்காக உங்கள் பாட்டி மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்தாரே, அதே வித்தைதான். பள்ளிக்கூட லேபில் லிட்மஸ் பேப்பர் காட்டுகிற வேலையைப் பாட்டி ஒரு தாம்பாளத்தில் காட்டிவிட்டார்.

எனவே பதற வேண்டாம். சோப்பை நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும். பிறகு நல்ல வெயிலில் காயப் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. கறை தானாக வெளிறிவிடும்.

'வெங்காயம் நறுக்கினா ஏன் அழுகை வருது?'

கேட்டவர் புது மாப்பிள்ளை. காரணம் புரிகிறது.

வெங்காயத்தின் ஒவ்வொரு செல்லிலும் கந்தகம் கலந்த ஒரு பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை உடைக்கிற என்சைம் இன்னோர் அறையில். நடுவில் சுவர். இரண்டும் சாதுவாகக் குடித்தனம் நடத்துகின்றன. உங்கள் கத்தி சுவரை இடித்ததும் இரண்டும் கலக்கின்றன. இரண்டாவதாக இன்னொரு என்சைமும் கூட்டுச் சேர, ஒரு வாயு கிளம்புகிறது. அது கண்ணில் பட்டதும் எரிச்சல். அந்த எரிச்சலைக் கழுவத்தான் கண்ணீர்.

அந்த இரண்டாவது என்சைமை ஜப்பானியர்கள் 2002-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கு 2013-ல் 'இக் நோபல்' பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் சிந்திக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது. அழுகையை ஆராய்ந்தவர்களுக்குச் சிரிப்புப் பரிசு! மாப்பிள்ளைக்கு யோசனை: வெங்காயத்தை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கூரான கத்தியால் நறுக்கவும்.

இரண்டு பதில்களிலும் ஓர் ஒற்றுமையைக் கவனித்தீர்களா? தனித்தனியாக இருக்கும்போது இல்லாத ஒரு குணம், கலந்ததும் வந்துவிடுகிறது. காமர்ஸ்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான சமாசாரம். நமக்கு நூறும் நூறும் எப்போதும் இருநூறு.

இத்தனைக்கும் கெமிஸ்ட்ரியில் முதன்முதலாக ஒழுங்காகக் கணக்கு எழுதிய லவாய்சியர், பிரான்ஸில் வரி வசூலித்த ஆசாமி. நம்ம இனம்! கலப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் மொத்த எடை மாறாது என்று காட்டினார். (1794-ல் அவர் தலையை வெட்டினார்கள். கெமிஸ்ட்ரிக்காக இல்லை, வரி வசூலித்ததற்காக.) எடை டாலி ஆகும். குணம் ஆகாது.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம், தண்ணீர் பட்டால் வெடிக்கும். மண்ணெண்ணெயில் மூழ்கடித்து வைப்பார்கள். குளோரின் விஷ வாயு. இந்த இரண்டு ரௌடிகளும் சேர்ந்தால், தயிர் சாதத்துக்குப் போடுகிற உப்பு!

ரௌடியும் ரௌடியும் சேர்ந்து சாதுவாகலாம் என்றால், சாதுவும் சாதுவும் சேர்ந்து ரௌடியாகலாம் இல்லையா? அதுதான் மூன்றாவது கேள்வி.

'பாத்ரூம் டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊத்தினா பாதிதான் போவுது. கூடவே பிளீச்சிங் பவுடரையும் போட்டா டபுள் எஃபெக்ட்தானே?'

கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தாரே, அவர் வாழ்க. செய்துவிட்டுக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி. ஊரிலிருந்து அம்மா வருகிறார் என்று ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு சுத்தம் செய்ய ஆரம்பித்தார். முதலில் பவுடர். அதன் தலையில் ஆசிட். பொங்கியது. "சூப்பரா வேலை செய்யுதுடா" என்று குனிந்து பார்த்திருக்கிறார். அடுத்த நிமிடம் இருமல், நெஞ்சு அடைப்பு, கண் திறக்க முடியவில்லை. பக்கத்து ரூம்காரர்கள் கதவை இடித்து வெளியே இழுத்தார்கள். அம்மா வந்து பார்த்தது பாத்ரூமை அல்ல, ஆஸ்பத்திரி வார்டை.

பிளீச்சிங் பவுடருக்குள் குளோரின் அடைபட்டுக் கிடக்கிறது. ஆசிட் பட்டதும் விடுதலை! காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. கண், தொண்டை, நுரையீரல் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் போய், அங்கே அமிலமாகி அரிக்கும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊருக்கு அருகே ஜெர்மானியர்கள் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அதை நாம் ஆறுக்கு நாலு பாத்ரூமில், கதவைத் தாழிட்டுக்கொண்டு தயாரிக்கிறோம்.

துணி வெளுக்கிற பிளீச் திரவமும் இதே இனம்தான். வினிகரும் எலுமிச்சையும்கூட ஆசிட் கட்சி. அம்மோனியா கலந்த கிளீனரோடு பிளீச் சேர்ந்தால் வேறொரு விஷ வாயு. ஆகவே பிளீச் என்று எழுதியிருந்தால், அதோடு சேரத் தகுதி உள்ள ஒரே பொருள் தண்ணீர்.

தப்பித் தவறி யாராவது கலந்துவிட்டால்? மேற்கொண்டு எதையும் ஊற்றிச் சரிசெய்யப் போகாதீர்கள். உடனே வெளியே ஓடி நல்ல காற்றுக்கு வாருங்கள். கண் எரிந்தால் தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். 'இப்ப சரியாயிடுச்சு' என்று படுத்துவிடாதீர்கள். நுரையீரல் சில மணி நேரம் கழித்துக்கூடப் பழி வாங்கும்.

ஆசிட் இந்த ஞாயிறு, பவுடர் அடுத்த ஞாயிறு. நடுவில் வாளி வாளியாகத் தண்ணீர். ஒரு வாரம் தாமதமாகுமே என்று கவலைப்படாதீர்கள். பேச்சிலர் பாத்ரூம், வருஷக்கணக்கில் காத்திருந்து பழகியது.