புல்லில் புரண்ட ராஜா

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பக்கத்துத் தெருச் சிநேகிதி மூச்சு இரைக்க ஓடி வந்தாள். "கொஞ்சம் வாயேன், ராஜா என்னமோ மாதிரி இருக்கிறான்!" ராஜா அவள் பிள்ளை அல்ல, நாய். ஆனால் அந்த வீட்டில் அவன் பிள்ளைக்கும் ஒரு படி மேல்.

போய்ப் பார்த்தால், வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிகிறது. கால்கள் வெடவெடவென்று நடுங்குகின்றன. காரில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் பறந்தோம். கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதைக் கண்டதுமே, "தோட்டத்துக்கு மருந்து அடித்தீர்களா?" என்று கேட்டார் அவர். ஆமாம், அன்று காலைதான் தோட்டக்காரர் புல்தரைக்குக் கறையான் மருந்து தெளித்திருந்தார். என்ன மருந்து? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தாராம்! குளோர்பைரிபாஸ் என்ற பெயர் எங்களுக்குக் கிடைக்க அரை மணி ஆயிற்று. வைத்தியர் அதற்குக் காத்திராமல், அறிகுறியை வைத்தே அட்ரோபின் ஊசி போட்டாரோ, ராஜா பிழைத்தானோ!

நாம் செருப்போடு புல்லில் நடக்கிறோம். நாய்க்குச் செருப்பு ஏது? புரளுகிறது, முகர்கிறது, பிறகு உள்ளே வந்து பாதத்தை நக்குகிறது. தோல் வழியாகவும் விஷம், நாக்கு வழியாகவும் விஷம். (அதே காலோடுதான் உங்கள் சோபாவிலும் ஏறுகிறது!)

அடுத்த வீட்டுப் புல்லையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையார் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், களைக்கொல்லி தெளிக்காத வீட்டு நாய்கள் சிலவற்றின் சிறுநீரிலும் அந்த மருந்து இருந்தது. களைக்கொல்லி தெளித்த புல்லுக்கும் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களின் மூத்திரப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிவதாக 2004-லேயே அவர்கள் எழுதியிருந்தார்கள்.

மருந்து தெளிக்கும் நாளில் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். புல் நன்றாகக் காயும்வரை, முடிந்தால் இரண்டு நாள், நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெளியே போய் வந்தால் நான்கு பாதங்களையும் கழுவித் துடைத்துவிடுங்கள். மருந்தை அதன் சொந்தப் புட்டியிலேயே கேட்டு வாங்குங்கள். அதில் சாய்சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சைதான் குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலுக்கே வேண்டாம் என்பது என் கட்சி.

"நாங்கள் ரசாயனமே போடுவதில்லை, புண்ணாக்குத்தான்" என்கிறீர்களா? எந்தப் புண்ணாக்கு என்று பாருங்கள். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். நாய்க்கோ அதன் வாசனை விருந்து வாசனை! எலும்புத் தூளோடு கலந்து போட்டால், மண்ணைத் தோண்டியே தின்னும்.

தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நாய்க்கு ஆபத்து. உடம்பில் மருந்து பட்டிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு சோப்பு நீரில் கழுவுங்கள். நடுக்கம் கண்டுவிட்டால் அதற்கும் நிற்க வேண்டாம். மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜாவைப் பார்த்தேன். புல்தரையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தோட்டக்காரரைப் பார்த்து ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தான்.