வெள்ளிக் காசும் விபூதியும்

லண்டன் போய் வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு காசு கொண்டுவந்து கொடுத்தார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. அப்பளம் போல் மெல்லியது. கறுத்துப் போயிருந்தது. வட்டம்கூடச் சரியாக இல்லை. 1272 முதல் 1307 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எட்வர்ட் காலத்து வெள்ளிப் பென்னி அது.

அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த வீட்டு மாமி வந்துவிட்டார்.

"இதென்ன, வெள்ளியா? இப்படியா கறுக்க விடுவா? துளி விபூதி கொடுங்கோ, தேய்ச்சுப் பளிச்சுனு ஆக்கித் தரேன்!"

"வேண்டாம் மாமி, வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்தே போய்விட்டார்.

சகோதரிகளே, வெள்ளி கறுத்திருந்தால் நம் கை சும்மா இருக்காதுதான். ஆனால் பழங்காசு விஷயத்தில் அந்த நல்ல பழக்கமே வினையாகிவிடும். தேய்க்கும்போது போவது கறுப்பு மட்டுமல்ல. மெல்லிய எழுத்துக்களும் சேர்ந்து போகும். அந்த எழுத்துக்கள்தாம் காசின் ஜாதகம்! தேய்த்துப் பளபளக்கும் காசைக் கண்டால், சேகரிப்பவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலையைக் குறைத்துவிடுவார்கள்.

"சரி, எடைக்குப் போட்டா என்ன தேறும்?" என்றார் மாமி.

எடையா? ஒன்றரைக் கிராம்கூட இல்லை! வெள்ளிக்காக வரும் பணம் அற்பம். பழசு என்பதற்காகவும் விலை ஏறிவிடாது. எட்வர்டின் பென்னிகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், சாதாரணமான ஒன்றைச் சில பத்துப் பவுண்டுகளுக்கே வாங்கிவிடலாம். ஆனால் 2001-இல் ஓர் ஆற்றங்கரையில் அகப்பட்ட, கோயன்வுல்ஃப் என்ற அரசனின் தங்கக் காசுக்கு, 2006-இல் பிரிட்டிஷ் மியூசியம் 3,57,832 பவுண்டு கொடுத்தது. அவ்வளவு அபூர்வம், எழுத்தும் தெளிவு. அபூர்வம், தெளிவு, அது சொல்லும் செய்தி - மதிப்பு இந்த மூன்றில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் காசு அடித்தது கையால்தான். ஓர் அச்சை மரக்கட்டையில் பதித்து, அதன்மேல் வெள்ளித் தகட்டை வைப்பார்கள். இன்னோர் அச்சை மேலே பிடித்துக்கொண்டு சம்மட்டியால் ஒரு போடு! கை கொஞ்சம் நகர்ந்தால் ராஜாவின் தலை ஓரத்துக்குப் போய்விடும். ஆகையால் ஒரு காசு மாதிரி இன்னொரு காசு இராது. 1662-இல் இயந்திரக் காசு வந்த பிறகுதான் இந்த முறை ஒழிந்தது.

இடைக்காலத்துக் காசில் வருஷம் போட்டிராது. முகத்தைப் பார்த்தும் பயனில்லை. எல்லா ராஜாவுக்கும் ஏறக்குறைய ஒரே பொம்மை முகந்தான். எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். பெயர் ஈ, டி, டபிள்யூ என்று மூன்றே எழுத்தில் நின்றால், பொதுவாக அது முதலாம் எட்வர்ட். பெயர் நீண்டுகொண்டே போனால், அநேகமாக அவருடைய மகன் காலத்தது. பின்பக்கம் காசு அடித்த ஊரின் பெயர் இருக்கும். என் காசில் லண்டன்.

எழுத்தும் சில சமயம் ஏமாற்றும். 1180 முதல் 1247 வரை வந்த பென்னிகளில் எல்லாம் 'ஹென்றி' என்றே இருக்கும். நடுவில் ஆண்ட ரிச்சர்டும் ஜானும் தங்கள் பெயரைப் போடவே இல்லை! எழுத்தின் வடிவையும் தலைமயிரின் சுருளையும் எண்ணிப் பார்த்துத்தான் நிபுணர்கள் யார் காலத்துக் காசு என்று பிரிக்கிறார்கள்.

பின்பக்கத்துச் சிலுவைக் குறிக்கும் ஒரு கதை உண்டு. சில்லறை வேண்டுமானால் சிலுவைக் கோட்டின் வழியே காசை வெட்டி, அரை, கால் என்று கொடுப்பார்கள்! சில கெட்டிக்காரர்கள் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி சேர்த்தார்கள். அதைத் தடுக்க 1247-இல் சிலுவையை விளிம்புவரை நீட்டினார்கள். நுனி இல்லையென்றால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எழுத்தைக் காப்பாற்றுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2015-இல் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஒரே வருஷத்தில் இங்கிலாந்தில் இரண்டு புதையல்கள் அகப்பட்டன. இரண்டிலும் மகா ஆல்பிரட், கியோல்வுல்ஃப் என்ற இரு அரசர்களின் காசுகள். கியோல்வுல்ஃப் வெறும் கைப்பொம்மை என்று பழைய ஏடு இகழ்ந்திருந்தது. காசுகளோ, இருவரும் சரிசமமாகக் கூட்டுச் சேர்ந்திருந்ததைக் காட்டின. ஏட்டை எழுதியது ஆல்பிரட் பக்கத்து ஆட்கள் அல்லவா? ஆயிரம் வருஷத்துக்குமேல் சுமந்த பழியைத் தீர்க்க, காசுதான் சாட்சி சொல்ல வந்தது.

வாட்லிங்டன் என்ற ஊருக்கருகே புதையல் கண்டவர் முறைப்படி அறிவித்தார். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் மியூசியம் அதை 2017-இல் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. லெம்ஸ்டர் அருகே கண்டவர்களோ, 1996-ஆம் வருஷச் சட்டப்படி அறிவிக்காமல் ஒளித்து விற்றார்கள். அதில் சுமார் 300 காசு இருந்திருக்கலாம் என்றார்கள். 2019-இல் வழக்கு நடந்தபோது கைக்கு வந்தவை சுமார் 30. குற்றவாளிகள் சிறைக்குப் போனார்கள். காசோடு அது சொல்ல வேண்டிய செய்தியும் சிதறிப்போயிற்று.

எல்லாவற்றையும் கேட்ட மாமி மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"அத்தனையும் ஆம்பளைப் பேராவே இருக்கே! ஒரு பொம்மனாட்டி பேராவது உண்டோ?"

இருக்கிறது! எட்டாம் நூற்றாண்டில் மெர்சியாவை ஆண்ட ஆஃபாவின் மனைவி கினெத்ரித். அவள் பெயரையும் 'ராணி' என்ற பட்டத்தையும் போட்டு வெள்ளிப் பென்னி அடித்தார்கள். சிலவற்றில் உருவமும் உண்டு. ஆங்கிலோ-சாக்ஸன் ராணிகளில் தன் பெயரில் காசு கண்டவள் அவள் ஒருத்திதான்.

"யாராவது அந்தக் காசைத் தேய்ச்சிருந்தா?" என்று மெல்லக் கேட்டார் மாமி.

நான் பதில் சொல்லவில்லை. அவரே காசை ஓரத்தைப் பிடித்துப் பதமாக எடுத்து, மெல்லிய காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். விபூதி வெள்ளிக் கிண்ணத்துக்கு இருக்கட்டும். பழங்காசுக்கு அதன் கறுப்பே அழகு!