தகடு தடித்தால் மட்டும் போதுமா?

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுகிறவர்கள் கண்ணில் எண்ணெய்த் தொட்டிகள் படுவதில்லை. அவை ஜூரோங் தீவிலும் புலாவ் புக்கோமிலும் நிற்கின்றன. புக்கோமுக்கு 1892இலேயே ‘மியூரெக்ஸ்’ கப்பல் மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிட்டது.

தொட்டி வெடித்தால் செய்தி. உள்ளே வெற்றிடம் உண்டாகிச் சப்பிப்போனால் யாரும் பேசுவதில்லை. தனிக் கணக்கு போடாமல், எண்ணெய்த் தொட்டிகளுக்கான ஏபிஐ 650 விதி அனுமதிக்கும் வெற்றிட அழுத்தம் 0.25 கிலோபாஸ்கல்தான், 25 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் பாரம். அற்பமாகத் தோன்றும். 20 மீட்டர் விட்டமுள்ள கூரையில் அதுவே 8 டன்.

இந்த அழுத்தத்தைத் தாங்க உயர்ரக எஃகு கைகொடுக்காது. சுவர் நெளியாமல் காப்பது தகட்டின் தடிமன். அது பாதியானால் தாங்குதிறன் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நடுவில் ஒரு விறைப்பு வளையம் சுற்றினால் ஏறத்தாழ இரட்டிக்கும். தகட்டைக் கூட்டுவதைவிட இதுவே புத்திசாலித்தனம்.

ஆனால் பெயின்ட் அடிக்கும்போது பிளாஸ்டிக் தாளால் மூடிய காற்றுத் துளையை, அதாவது வென்டை, திறக்காமல் எண்ணெயை வெளியே இறைக்கும் பம்பைப் போட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. வென்ட் அடைபட்ட தொட்டிமேல், வெயில் காய்ந்த கையோடு மழை கொட்டினாலும் இதே கதிதான்.

தொட்டிமேல் ஏறி வேலை செய்வோரில் தமிழர் பலர். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இருக்கட்டும். வென்டை மூடியவரே திறந்து கையெழுத்திட்ட பிறகுதான் பம்ப் ஓட வேண்டும்.