செங்கொடியும் சிம்மாசனமும்

சீனத்தைப் பற்றி ஒரு சொல் குறை கூறினாலும், கூறியவனுக்கு ஏகாதிபத்தியத்தின் கையாள் என்று பட்டஞ் சூட்டிவிடும் நண்பர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை நோக்கியே இதனை எழுதுகின்றேன். பகைமையினால் அன்று, ஒரே அணியில் நிற்பவன் என்ற உரிமையினால்.

ஷி ஜின்பிங் துன்பம் அறியாது வளர்ந்தவர் அல்லர். துணைப் பிரதமராயிருந்த அவர் தந்தை ஷி சோங்சுன், 1962இல் ஒரு நாவலைச் சாட்டாக வைத்து வீழ்த்தப்பட்டார். மகன் 1969இல், பதினைந்து வயதில், லியாங்ஜியாஹே என்னும் கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, ஏறத்தாழ ஏழாண்டுகளை அங்கே கழித்தார். ஒருவர் கையிலே அதிகாரம் குவிந்தால் யாது நேரும் என்பதை அவர் ஏட்டிலே படித்தவர் அல்லர், பட்டறிந்தவர்.

அத்தகைய பட்டறிவின் பயனாகவே, நாட்டுத் தலைவர் பதவியை எவரும் தொடர்ந்து இரு தவணைகளுக்கு மேல் வகித்தலாகாது என்று 1982ஆம் ஆண்டு யாப்பு விதித்தது. அவ்வரம்பினைத் தேசிய மக்கள் காங்கிரஸ் 2018 மார்ச்சில் நீக்கிற்று. ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. அப்பதவி வெறும் அலங்காரந்தானே, கட்சிச் செயலாளர் பதவிக்கும் இராணுவ ஆணைக்குழுத் தலைமைக்கும் யாப்பிலே அத்தகைய வரம்பு இருந்ததில்லையே என்பார்கள். நன்று, அலங்காரத்துக்காகவா யாப்பைத் திருத்துவார்கள்? மூன்றையும் வகிப்பவர் ஒருவரே. எஞ்சியிருந்த ஒரேயொரு வேலியையும் அவருக்காகப் பிடுங்கினார்கள். 2023இல் மூன்றாந் தவணைக்கு 2,952 வாக்குகள், எதிர்ப்பு ஒன்றுமில்லை. முன்பு 'இல்லை' என்ற அவ்விருவரையும் நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சீன மக்களின் வறுமை பெரிதும் தணிந்தது உண்மை. அதை மறுப்பவன் குருடன். ஆயின், அச்செல்வத்தைப் படைத்த தொழிலாளிக்கு வாய் உண்டா?

2018 மே மாதத்தில், மார்க்ஸின் இருநூறாவது பிறந்தநாளைப் பீக்கிங்கின் மக்கள் மாமண்டபத்திலே கொண்டாடி, அவரைப் புகழ்ந்து நெடிய உரை நிகழ்த்தினார் ஷி. இரண்டு மாதங்களில், ஷென்சென் நகரத்து ஜாசிக் தொழிற்சாலையில் சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளர் வேலை நீக்கப்பட்டனர், பின்னர் கைதாயினர். அவர்களுக்குத் துணை நிற்க மார்க்ஸியம் பயின்ற மாணவர் பல நகரங்களிலிருந்து சென்றனர். ஆகஸ்ட் 24ஆந் திகதி, அவர்கள் தங்கியிருந்த இடத்தினுட் பொலிஸார் புகுந்து ஏறக்குறைய ஐம்பது பேரைப் பிடித்துச் சென்றனர்.

நண்பர்களே, இம்மாணவரும் ஏகாதிபத்தியத்தின் கையாட்களோ? அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதி, பீக்கிங் பல்கலைக்கழக மார்க்ஸியக் கழகத்தின் மாணவத் தலைவர் வழியிலே மறித்துப் பிடிக்கப்பட்டார். அவர் சென்றுகொண்டிருந்தது மாவோவின் 125ஆவது பிறந்தநாள் நினைவுக்கூட்டத்துக்கு.