நகரும் வீட்டில் கூடுதல் பிளக்



கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டே இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் இவ்வண்டிகள் தங்குவதற்கான பூங்கா திறக்கப்பட்டது. படுக்கை, சமையல் மேடை, குளியலறை யாவும் அமைந்த வண்டியையே கேரவன் என்கிறார்கள். குமுளி வழியே யாத்ரீகர்களை வேனில் ஏற்றிச் செல்லும் நம் இளைஞர்களுக்கும், வாளையாற்றைத் தாண்டி வாடகை வண்டி ஓட்டுவோருக்கும் இது புதிய பிழைப்பாகலாம். பிரயாணிகளோ, கைப்பேசிக்கு ஒரு பிளக், விசிறிக்கு ஒன்று, வெந்நீர்க் கெட்டிலுக்கு ஒன்று எனக் கேட்பார்கள். கேட்டவர்க்கெல்லாம் ஒயரை நீட்டிக் கொடுக்கலாமா என்பதே இம்மாதம் நாம் ஆராய வேண்டிய விஷயம்.

யான் ரயில்வே எழுத்தன்; மின்சார நிபுணன் அல்லன். ஆயினும் ரயில் பெட்டி தரும் பாடம் ஒன்று உண்டு. அங்கே உள்ள 110 வோல்ட் பிளக், கைப்பேசி போன்ற சிறு கருவிகளுக்கு மட்டுமே உரியது. கெட்டில் செருகுவது குற்றம். பிளக் இருப்பதனாலேயே எதையும் செருகலாம் என்பது பொருளன்று.

குழாயின் எண்ணிக்கையைக் கூட்டினால் தொட்டியில் நீர் பெருகுமா? அதுபோலத்தான் இதுவும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 1200 வாட்-மணி. ஈய அமில பாட்டரியாயின் அதில் பாதியைச் செலவிடுவதே நலம், எஞ்சுவது 600. கைப்பேசிகளுக்கும் சிறு விசிறிக்கும் இது தாராளம். ஆனால் 1500 வாட் கெட்டில், இன்வெர்ட்டர் வழியாகப் பாட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அரைமணி நேரம்கூடத் தாங்காது. அதற்குள் மெல்லிய ஒயர் சூடேறி உருகுதலும் கூடும்.

ஆகவே பிளக் சேர்க்குமுன் எந்தக் கருவி, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 6 ஆம்பியர் பிளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரும், 16 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டரும் வழக்கமான அளவு. வண்டி ஓயாது குலுங்குவதால் ஒற்றைக் கம்பி ஒயர் முறியும். பல மெல்லிய இழைகள் கொண்டதே தகும். தகட்டைத் துளைத்து ஒயர் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். இல்லையேல் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும். பியூஸ் பாட்டரிக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். 12 வோல்ட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் ஒரே மாதிரியான பிளக் ஒருபோதும் வைக்கலாகாது.

வெளியிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் எடுக்கும்போது வண்டியின் உலோக உடல் எர்த்துடன் இணைந்திருக்கிறதா எனப் பாருங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. கருவியும் வேண்டும். மலைமழையில் நனைந்த கால், தகரப் படி, கசியும் மின்சாரம் இம்மூன்றும் கூடினால் உயிருக்கே ஆபத்து.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். அங்கே காரணமாயிருந்தது சட்டவிரோதமாக ஏற்றிய சமையல் வாயு சிலிண்டர், மின்சாரம் அன்று. எனினும் குறுகிய இடத்தில் உறங்குவோர்க்குத் தீ எவ்வளவு அவகாசம் தரும் என்பதை அது காட்டிற்று. கேரவனுக்கும் பெரும்பாலும் ஒரே கதவுதான்.

உரிமம் பெற்ற ஒயர்மேனுக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று. தொழிலில் புதிதாக இறங்கும் நம் பிள்ளைகள், கேட்ட பிளக்கை மறுக்க நேர்ந்தால் தயங்காது மறுக்கட்டும். வாடகை ஒரு நாளுக்கு உரியது. அவ்வண்டியில் உறங்கும் குடும்பத்தின் உயிரோ விலைமதிப்பற்றது.