கேட்க ஒரு நாதி இல்லையா?

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் தின்னவேலியின் தபால்பெட்டிச் சந்தியில் கண்ணிவெடியில் 13 படையினர் செத்தார்கள். அது உலகத்துக்கே தெரியும். கறுப்பு ஜூலையைப் பற்றி யார் எழுதினாலும் எங்கட தின்னவேலியில்தான் தொடங்குவார்கள். அடுத்த வரியிலேயே கொழும்புக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஒரு விடியற்காலை இருந்ததே ஐயாமாரே, அதை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

24ஆம் திகதி ஆமி பலாலி வீதியை விட்டு ஒழுங்கைகளுக்குள் இறங்கியது. தின்னவேலியிலும் கந்தர்மடத்திலும் வீடு புகுந்து சுட்டது. கண்ணிவெடி வைத்தவன் ஏன் அங்கே நிற்கிறான்? படலைக்குள் இருந்த சனம்தான் செத்தது. குடாநாட்டில் 50 பேர் வரை. செத்த படையினரும் தாய் பெற்ற பிள்ளைகள்தான், அவர்களுக்குப் பொரளைக் கனத்தையில் அடக்கம் ஒழுங்கு செய்ததில் எங்களுக்குப் பிணக்கில்லை. எங்கட சனத்துக்கு ஒரு மரண விசாரணைகூட இல்லையே! தணிக்கையால் பத்திரிகையிலும் வரவில்லை. விசாரணையில்லாமலே உடலை எரிக்கலாம், புதைக்கலாம் என்ற அவசரகால விதியை ஜூன் மாதமே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சாவுக்கு முதலே சட்டம் தயார்.

அப்போது ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன. யாழ்ப்பாணத்துச் சனம் என்ன நினைக்கிறது என்பதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று அந்த மாதம்தான் லண்டன் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். கொழும்பு எரிந்தது. வெலிக்கடைச் சிறைக்குள் 53 பேரைக் கொன்றார்கள். 28ஆம் திகதிதான் மனுசன் நாட்டுக்கு வாய் திறந்தார். செத்தவர்களுக்காக ஒரு ஆறுதல் சொல் இல்லை. பிரிவினை கேட்பவர்களுக்குச் சட்டம் வரும் என்றார். ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது. அடி வாங்கியவனுக்கே தண்டனை!

ஜனாதிபதியைக் கேட்க முடியாது, அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை விடுபாட்டுரிமை கொடுக்கிறது என்கிறார்கள். 1978இல் அந்த அரசியலமைப்பைத் தனக்குத் தைத்துக்கொண்டவரே அவர்தான். சரி, அதுவும் பதவியில் இருக்கும் வரைதானே? 1989 ஜனவரியில் இறங்கினார். 1996 நவம்பரில், தொண்ணூறு வயதில் செத்தார். இடையில் ஏறக்குறைய எட்டு வருடம் அவரும் உங்களைப் போல, என்னைப் போல ஒரு குடிமகன். எந்தச் சட்டமா அதிபர் வழக்குப் போட்டார்? 2004இல் ஜனாதிபதி சந்திரிகா கறுப்பு ஜூலைக்காக மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசுதான். வழக்கு எங்கே அம்மா?

பிறகு கோட்டாபய. 2011 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் செயற்பாட்டாளர் இருவர் காணாமல் போனார்கள். அப்போது அவர் பாதுகாப்புச் செயலாளர். குற்றவாளியாக அல்ல, வெறும் சாட்சியாகத்தான் யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றம் அவரை அழைத்தது. அங்கே வந்தால் உயிருக்கு ஆபத்தென்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். 2019 நவம்பரில் ஜனாதிபதியானார், விடுபாட்டுரிமைக்குள் புகுந்துகொண்டார். 2022 ஜூலையில் தெற்குச் சனமே துரத்தியது, பதவி போனது. யாழ்ப்பாணப் பயம் மட்டும் போகவில்லை.

என்ன பயம் ஐயா? போர் முடிந்தும் உங்கட ஆமி இங்கேதானே முகாம் போட்டிருக்கிறது? இத்தனை துவக்கு காவல் நிற்க, கூண்டில் ஏறித் தெரியும், தெரியாது என்று இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போக உங்களுக்கு என்ன பயம்?