நுண்கணிதத்தின் வாசற்படி

அந்தமானின் தலைநகர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர். அந்நகரின் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலேறச் செல்லும் எவரும் ஒன்றைக் கவனித்திருக்கக் கூடும். காலையில் மேடையிலிருந்து கப்பலை நோக்கித் தாழ்ந்து கிடந்த ஏறுபலகை, சில மணி நேரம் கழித்து நிமிர்ந்து நிற்கிறது. கப்பல் மாறவில்லை, மேடையும் மாறவில்லை, கடல்மட்டம் உயர்ந்திருக்கிறது. துறையில் உழைப்போர் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும், இந்த ஏறுபலகையின் சாய்வில் ஒரு கல்லூரிப் பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மேனாடுகளில் ‘பிரீகால்குலஸ்’ என்றும், நம் நாட்டில் ‘இணைப்புப் பாடம்’ என்றும் வழங்கப்பெறும் முன்நுண்கணிதமே அப்பாடமாகும். அதனை நம் கல்லூரிகள் உரிய மதிப்புடன் நடத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முன்நுண்கணிதம் என்பது யாது? சார்புகளும் அவற்றின் வரைபடங்களும், இயற்கணிதச் சுருக்கம், அடுக்குகளும் மடக்கைகளும், முக்கோணவியல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. இவற்றுள் புதியது ஒன்றும் இல்லை. யாவும் பள்ளியிலேயே கற்பிக்கப்படுபவை. எனினும், கற்பிக்கப்பட்டது வேறு, கைவசமானது வேறு. முதலாண்டு நுண்கணிதத்தில் தடுமாறும் மாணவன், பெரும்பாலும் நுண்கணிதத்தில் தடுமாறுவதில்லை என்பதைக் கணித ஆசிரியர் பலர் அறிவர். ஓர் உதாரணம் காண்போம். இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தினால், அவற்றின் தனித்தனி வர்க்கங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும் என்று ஒரு மாணவன் தவறாக எண்ணியிருக்கிறான் எனக் கொள்வோம். மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு; அதன் வர்க்கம் 49. அவன் வழியிலோ 9-உம் 16-உம் சேர்ந்து 25 தான் வரும். இப்பிழையோடு அவன் வர்க்கச் சார்பின் வகைக்கெழுவை அடிப்படை வரையறையிலிருந்து காண முற்பட்டால், விடை எங்கும் பூஜ்யமாகவே வந்து நிற்கும். செங்குத்தாக ஏறும் வளைகோடு அவனுடைய தாளில் சமதரையாகிவிடும். எல்லை என்னும் கருத்தை அவன் நன்றாகவே விளங்கிக்கொண்டிருக்கலாம். அவனைக் கைவிட்டது நுண்கணிதம் அன்று, அதற்கு முற்பட்ட கணிதம்.

இனி, துறைக்கு வருவோம். தீவுகளைச் சுற்றியுள்ள கடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருமுறை ஏறி இறங்குகிறது. ஏற்றம் முழுமையாக ஆறு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். மாலுமிகளிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. ஏறும் காலத்தை ஆறு சம பகுதிகளாகப் பிரித்தால், மொத்த ஏற்றத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு முதற்பகுதியிலும், இரு பங்கு இரண்டாவதிலும், மும்மூன்று பங்கு நடு இரண்டிலும், பின்னர் இரண்டு, ஒன்று எனக் குறைந்தும் ஏறும் என்பது அது. மொத்த ஏற்றம் 180 சென்டிமீட்டர் எனக் கொண்டால், 15, 30, 45, 45, 30, 15 என ஏறும். கோசைன் சார்பைக்கொண்டு கணக்கிட்டால் 12, 33, 45, 45, 33, 12 என வருகிறது. பள்ளியில் கற்ற கோசைன், மாலுமியின் கணக்கோடு இவ்வளவு நெருங்கி நிற்கிறது! நடுப்பகுதியில் நீர் விரைவாகவும், தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகவும் ஏறுவது ஏன் என்று கேட்டவுடன், மாணவன் நுண்கணிதத்தின் வாசலில் நிற்கிறான். மாறுவீதம் என்னும் சொல் அப்போது அவனுக்குப் பொருளுள்ளதாகிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகுதியாக ஏறுவதும், இடைப்பட்ட நாட்களில் ஏற்றம் குறைவதும் கடற்கரை மக்கள் அறிந்ததே. சந்திரனால் எழும் முதன்மை ஓதத்தின் காலம் சுமார் 12.42 மணி, சூரியனால் எழுவதன் காலம் 12 மணி. இவ்விரு கோசைன்களையும் கூட்டினால், ஒன்று மற்றொன்றை முந்தி மீண்டும் ஒருங்கே கூட ஏறத்தாழ 355 மணி, அதாவது பதினைந்து நாட்களுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஆகிறது. பட்சம் என்று நம் பஞ்சாங்கம் கூறும் கால அளவு, முக்கோணவியலின் கூட்டல் வாய்பாட்டிலிருந்து வெளிப்படக் காண்கிறோம். 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்கென இங்கிலாந்தில் அமைக்கப்பெற்ற ஓதம் கணிக்கும் யந்திரம், கப்பிகளாலும் கம்பியாலும் இத்தகைய கோசைன்கள் பலவற்றைக் கூட்டியே முன்கணிப்பு அளித்தது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணைகளின் அடிப்படையும் இக்கூட்டலே.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது; சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தங்கியது. கணிதமொழியில் கூறின், ஓதத்தின் அலைவடிவம் மாறவில்லை. வரைபடம் முழுவதும் நிலத்தை நோக்க ஒரு மீட்டர் மேலே நகர்ந்துவிட்டது. சார்பு ஒன்றோடு மாறிலியைக் கூட்டினால் வரைபடம் மேலே நகரும் என்னும் ஒரு வரிப் பாடத்திற்கு, இதனினும் துயரமான விளக்கம் வேறில்லை. அந்நிலநடுக்கத்தின் அளவு 9.1, 1881 டிசம்பர் 31-ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நேர்ந்ததன் அளவு 7.9 என ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். வேறுபாடு 1.2 தானே என்று எண்ணுவோர் மடக்கையை அறியாதவர். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும், 1.2 கூடினால் சுமார் 63 மடங்கு. ஒரு தீவின் குடிமகன் செய்தித்தாளில் காணும் எண்ணைப் பொருளறிந்து படிப்பதற்கே இப்பாடம் வேண்டியதாகிறது.

இவ்வளவும் பள்ளியின் கடமையன்றோ, கல்லூரி எதற்கு என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆயின் வரலாற்றை நோக்குக. சென்னை மாகாணத்தில் முன்னர் இன்டர்மீடியட் வகுப்பும், 1950களின் பிற்பகுதியிலிருந்து புகுமுக வகுப்பும் கல்லூரியிலேயே நடைபெற்றன. கோத்தாரிக் குழு (1964-66) பரிந்துரைத்த முறையைப் பின்பற்றி, 1978இல் தமிழ்நாட்டில் மேனிலைப் பள்ளிக் கல்வி தொடங்கிய பின்னரே அப்பாடம் பள்ளிக்குச் சென்றது. ஆகவே, இதனைக் கல்லூரி கற்பிப்பது கல்லூரியின் தரத்தைக் குறைப்பதாகாது. ஒரு காலத்தில் அது கல்லூரியின் பணியாகவே இருந்தது.

மேலும், இன்று கல்லூரிக்கு வருவோர் ஒரே வழியில் வருவோர் அல்லர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை அடிப்படை, பொது என இரு நிலைகளாக்கியது. மேல்வகுப்பில் பயன்பாட்டுக் கணிதம் எனத் தனிப்பாடம் ஒன்றும் வந்துள்ளது. டிப்ளமோ முடித்தோர் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர்கின்றனர். முதலாண்டுக் கணிதம் அவர்களுக்குக் கிட்டுவதே இல்லை. தீவுகளிலோ தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் எனப் பலமொழி வழியில் பயின்றோர் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். 1967இல் அந்நகரில் ஜவாஹர்லால் நேரு இராஜ்கீய மகாவித்யாலயம் தொடங்கியதிலிருந்தே, உயர்கல்விக்குக் கடல் கடக்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தீவுகளின் கல்லூரிகளே கதி. இங்கு முதற்பருவத்தில் கணிதத்தைக் கைவிடும் மாணவனுக்கு வேறு கல்லூரி தேடும் வாய்ப்பு எளிதன்று. கப்பற்பட்டறை, துறைமுகம், நில அளவை, வானிலை ஆகிய தீவுகளின் தொழில்கள் யாவும் கணக்கறிந்தோரை வேண்டி நிற்க, அத்தொழில்களின் கதவு உள்ளூர்ப் பிள்ளைக்கே அடைபடுவது நமக்கு நட்டமாகும்.

இதற்கு எதிரான வாதங்களுள் வலிமையானது ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் பின்தங்கியோருக்கென முன்பாடங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. அவ்வரிசையில் நுழைந்தோரில் பலர் நுண்கணிதத்தை எட்டாமலே நின்றுவிட்டனர். எனவே கலிபோர்னியா மாநிலம் 2017இலும் 2022இலும் சட்டமியற்றி, மாணவரை நேரே உரிய பாடத்தில் சேர்த்து, உடன் துணைவகுப்பு நடத்தும் முறைக்குத் திரும்பியது. இவ்வனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும். முன்நுண்கணிதம் வாசற்படியாக இருத்தல் வேண்டுமேயன்றி, வாசலை அடைக்கும் சுவராகிவிடலாகாது.

நம் நாட்டில் காணும் குறை இதற்கு நேர்மாறானது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021இல் இணைப்புப் பாடங்களின் தேவையை எடுத்துரைத்தது. எனினும், பல இடங்களில் அப்பாடம் கல்லூரி திறந்த முதற்சில நாட்களோடு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் இல்லை, தேர்வும் இல்லை. சேர்க்கை முடியாத நாட்களில் நடப்பதால், பிந்திச் சேரும் மாணவன் அதனைக் காண்பதேயில்லை. தேவை மிகுந்தவனும் அவனே.

ஆதலின் செய்யத்தக்கவை இவை எனக் கருதுகிறேன். முதலாவது, சேர்ந்தவுடன் ஒரு மணி நேரச் சோதனை வைத்து எவருக்கு எப்பகுதியில் உதவி வேண்டும் என அறிதல். அதன் விடைத்தாளை ஆசிரியர் அன்றி எவரும் காணலாகாது. இரண்டாவது, முதற்பருவ நுண்கணிதத்தோடு இணைத்து, வாரத்தில் மூன்று மணி நேரம், மதிப்பெண்ணுக்குரிய பாடமாகவே இதனை நடத்துதல். வகைக்கெழு வரும் வாரத்தில் இயற்கணிதச் சுருக்கமும், அலைகள் வரும் வாரத்தில் முக்கோணவியலும் அமையலாம். மூன்றாவது, கணக்குகளை உள்ளூரிலிருந்து எடுத்தல். ஃபீனிக்ஸ் பேயின் ஓத அட்டவணை ஒன்றே பல வாரப் பயிற்சிக்குப் போதும். நான்காவது, கலைச்சொற்களைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒருசேரத் தருதல். வில்லின் நாண் என்று பொருள்படும் ‘ஜ்யா’ என்னும் நம் நாட்டுச் சொல்லே அரபு வழியாகவும் லத்தீன் வழியாகவும் உருமாறி ‘சைன்’ என்று திரும்பி வந்தது. ஆரியபட்டர் 499இல் அரைநாண் அட்டவணையை அமைத்த நாட்டின் மாணவன், சொல்லைக் கண்டு அஞ்சிக் கணிதத்தை இழப்பது பொருந்தாது.

மேதைகளுக்கு இத்தகைய வகுப்பு வேண்டுமோ என்பர். சென்னைத் துறைமுகத்தில் 1912இல் எழுத்தராகப் பணிபுரிந்த இராமானுஜனும், பள்ளிப் பருவத்தில் லோனியின் முக்கோணவியல் நூலை இரவல் பெற்று முற்றும் கற்றவரே. அவருக்கு நூல் ஒன்று போதுமாயிருந்தது. மற்றையோருக்கு ஆசிரியரும் வகுப்பும் வேண்டும். அவ்வளவே வேறுபாடு.

இத்திட்டத்திற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. வரைபடத்தாளும், ஓத அட்டவணையும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். கல்லூரி நிர்வாகங்களும் பாடத்திட்டக் குழுவினரும் வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்கி, ஓராண்டு நடத்திப் பயனை அளந்து, மாணாக்கர் அறியுமாறு வெளியிடுவார்களாக.